80-ல் நடுங்கும் புது பிக்கப்: "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்கிறார்கள்

காய்கறி_லோடு:
வணக்கம். புலம்பத்தான் வந்திருக்கிறேன், யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். ஒன்றரை டன் டீசல் பிக்கப், புது வண்டி, எடுத்து ஐந்து மாதம், 14,200 கிலோமீட்டர். கம்பெனி பேரும் ஷோரூம் பேரும் வேண்டாம், நாளைக்கும் அவர்கள் வாசலில்தான் நான் போய் நிற்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ராத்திரி லோடு ஏற்றி பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போவேன், காலையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவேன். திரும்பும்போதுதான் வினை. 75 தாண்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும், 80-லிருந்து 85 வரை உச்சம், கியர் ராட் கையில் ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும், பின்கண்ணாடியில் வருகிற பஸ் இரண்டாகத் தெரியும். 95-ல் கொஞ்சம் அடங்கும், ஆனால் அந்த வேகத்தில் யார் போவது. அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போனேன், "ஏண்டா, மாவு மில்லுல உக்காந்த மாதிரி இருக்கு, இதுக்கா இம்புட்டு காசு" என்றார். 10 லட்சத்துக்கு மேல் கொடுத்த வண்டி.

ஐந்து தடவை சர்வீஸுக்கு விட்டாயிற்று. முதல் தடவை வீல் பேலன்சிங், அதில் 65-ல் ஸ்டியரிங் உதறிக்கொண்டிருந்தது நின்றது, அதை மறுக்கவில்லை. அப்புறம் டயரை முன்னும் பின்னும் மாற்றினார்கள். அப்புறம் அலைன்மென்ட், அதற்குப் பில். நான்காவது தடவை இன்ஜின் மவுண்டிங் ரப்பர் மாற்றினார்கள், ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவது தடவை அட்வைசர் கூட வந்தார், 60-க்கு மேல் போகவிடவில்லை, பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் ஜாப் கார்டில் "குறை ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிவிட்டு "காலி பிக்கப்னா அப்படித்தான் சார், லோடு ஏத்தினா நின்னுடும்" என்றார்.

முதல் இரண்டு நாள் வண்டி அலுங்காமல் ஓடியது. அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

டயர்_அண்ணாச்சி:
தம்பி, பேலன்சிங் செய்தார்கள் என்பதாலேயே டயர் நல்ல டயர் ஆகிவிடாது. மெஷினில் எடை சரியாக வந்த டயரும் தரையில் உருளும்போது ஒரு பக்கம் கெட்டியாக, ஒரு பக்கம் மெதுவாக இருந்தால் குதிக்கத்தான் செய்யும். புது வண்டி யார்டில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றிருந்தால் டயர் அடி தட்டையாகிவிடும், சிலது ஓட ஓடச் சரியாகும், சிலது ஆகவே ஆகாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். ரிம்முக்கு உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், தோட்டத்துக்குள் இறங்குகிற வண்டியில் பாதிக் கேஸ் அதுதான், சிரிக்காதீர்கள்.

ஸ்கார்பரோ_பொடியன்:
அண்ணாச்சி சொன்ன சேறு கதை இங்கே கனடாவில் பனி. போன மாசியில் என்ர பெரிய பிக்கப் ஹைவேயில் ஏறினதும் கழன்று விழப்போகிற மாதிரி நடுங்கியது, நான் பயந்து கராஜுக்குப் போன் எடுத்தால் அவன் "ரிம்முக்குள்ளே ஐஸ் இருக்கா எண்டு பார்" என்றான். ஒரு பக்க ரிம்மில் மட்டும் கை மொத்தத்துக்கு உறைந்து கிடந்தது. சுடுதண்ணி ஊற்றினேன், அவ்வளவுதான். காசு மிச்சம், மானம் போச்சு.

காய்கறி_லோடு:
அண்ணாச்சி, டயர் நான்கும் வண்டி வாங்குவதற்கு மூன்று மாதம் முன்னால் வந்தவை. ரிம் உள்பக்கம் கழுவிப் பார்த்துவிட்டேன், சுத்தம். மச்சான் வண்டியும் இதே மாடல்தான், அவனுடைய நான்கு வீலையும் கழற்றி என் வண்டியில் போட்டு ஓட்டினேன், அரை நாள் போனது. அதே நடுக்கம், அதே 80. அவன் வண்டியில் என் வீலைப் போட்டால் ஒன்றும் இல்லை.

டயர்_அண்ணாச்சி:
அப்படியானால் டயர் இல்லை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன். நல்ல வேலை செய்தீர்கள், இதைச் செய்யாமல் இங்கே நான்கு டயர் வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

லேத்_பட்டறை:
நான் கோவைப் பக்கம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸ் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டு, அந்த வேலை பார்க்கிறவன். இரண்டு கேள்வி. லோடோடு போகும்போது நடுக்கம் தெரியாது என்கிறீர்களே, அப்போது 80 போவீர்களா? இரண்டாவது, 80-ல் வைத்து நியூட்ரலுக்குத் தள்ளினால் நடுக்கம் நிற்கிறதா, இருக்கிறதா? ரோடு காலியாக, நேராக இருக்கிற இடத்தில் மட்டும் செய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

காய்கறி_லோடு:
லோடோடு 60, மிஞ்சினால் 65. அட, அதை யோசிக்கவே இல்லை.

நியூட்ரல் இன்று காலை மடத்துக்குளம் தாண்டிச் செய்து பார்த்தேன். நடுக்கம் அப்படியே இருந்தது, வேகம் 70-க்கு இறங்கியதும் போய்விட்டது. நிற்கிற வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்து எல்லா ஆர்.பி.எம்.மிலும் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

லேத்_பட்டறை:
அப்படியானால் அந்த அட்வைசர் "லோடு ஏற்றினால் நிற்கும்" என்றது வைத்தியமே இல்லை. லோடு ஏற்றினால் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள், அவ்வளவுதான். இன்ஜினும் இல்லை, மவுண்டிங் ரப்பரை வீணாக மாற்றியிருக்கிறார்கள். வீல் இல்லை என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது கியர்பாக்ஸுக்கும் பின் ஹவுசிங்குக்கும் (பின் அச்சுக்கூடு) நடுவில் சுற்றுகிற ஷாஃப்ட் சமாச்சாரம்.

இதை வாயால் சண்டை போடாமல் எண்ணால் போடலாம். உங்கள் டயர் 215/75 ஆர்15 என்று வைத்துக்கொள்வோம், ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர் சொச்சம். ஆக வீல் நொடிக்குப் பத்து தடவை சுற்றுகிறது. வீல் கோளாறு என்றால் நடுக்கம் நொடிக்குப் பத்து. பின் அச்சில் க்ரவுன் பினியன் பல்சக்கர விகிதம் 4.3, அதாவது வீல் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.3 சுற்று என்றால், ஷாஃப்ட் நொடிக்கு 43 சுற்று. ஷாஃப்டில் எடை ஒரு பக்கமாக இருந்தால் நடுக்கம் 43. ஷாஃப்டை மடங்கவிடுகிற கிராஸ் ஜாயின்ட்டின் கோணம் தப்பாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைக்கும், அப்போது 86. போனில் அதிர்வு அளக்கிற இலவச ஆப் நிறைய இருக்கிறது, ஒன்றை இறக்கி, போனை சீட்டுக்கு முன்னால் தரையில் டேப் போட்டு ஒட்டி, 80-ல் ஒரே சீராக ஒரு நிமிடம் மச்சானை ஓட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் கியரில் ஓட்டுங்கள். நான்காம் கியர் நேர் கியர் என்றால் இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும், எது எதுவென்று பிரிக்க முடியாது.

சங்ககிரி_டிரைவர்:
இருபது வருஷம் லாரி ஓட்டுகிறேன், ஆப் போட்டு யாரும் வண்டி பார்த்ததில்லை. ஷாஃப்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங் போயிருக்கும், மாற்றுங்கள், முடிந்தது. புது வண்டியிலும் போகும்.

லேத்_பட்டறை:
அண்ணா, நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் இவருக்கு இலவசமாகச் செய்துதர வேண்டியது ஷோரூம். "எனக்குச் சென்டர் பேரிங் என்று தோன்றுகிறது" என்று சொன்னால் மாற்ற மாட்டார்கள். 43 என்று படம் எடுத்துக் காட்டினால் அட்வைசரைத் தாண்டி ஒர்க்ஸ் மேனேஜரிடம் போகலாம்.

வாதி_பிரதிவாதி:
நுகர்வோர் வழக்கு பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இனி ஜாப் கார்டில் "வைப்ரேஷன்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். "காலி வண்டி, ஐந்தாம் கியர், 80 முதல் 85 வரை, தரையிலும் கியர் ராடிலும் அதிர்வு, நியூட்ரலிலும் உள்ளது" என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். ஐந்து கார்டும் பத்திரமாக இருக்கிறதா? வெளிநாட்டில் இருப்பது போல "இத்தனை தடவை ரிப்பேர் ஆகாவிட்டால் வண்டியைத் திருப்பி எடு" என்ற தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மாவட்ட ஆணையத்தில் போடலாம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் ஒரு புகாரும் பதிந்துவிடுங்கள், சில நேரம் அதிலேயே எழுந்து வருவார்கள்.

கம்பெனி வக்கீல் முதலில் எடுக்கிற கத்தி எது தெரியுமா? "இது வணிகத்துக்கு வாங்கிய வண்டி, இவர் நுகர்வோரே இல்லை." பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது வணிகம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டுவதற்கு லாரி வாங்குகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று சொல்லியிருக்கிறது. நீங்கள்தானே ஓட்டுகிறீர்கள்? எத்தனை வண்டி இருக்கிறது?

காய்கறி_லோடு:
ஒரே வண்டி சார். நான்தான் ஓட்டுகிறேன், முடியாத நாளில் மச்சான். கார்டு ஐந்தும் இருக்கிறது, ஒன்றில் டீக்கறை.

படம் எடுத்துவிட்டேன். 43-ல் பெரிய முள் நிற்கிறது! கை நடுங்குகிறது, இந்தத் தடவை சந்தோஷத்தில். ஆனால் 14 என்ற இடத்தில் சின்னதாக இன்னொரு முள் தெரிகிறது. வீல் 10, ஷாஃப்ட் 43, இது என்ன 14?

லேத்_பட்டறை:
ஆப்பில் "நொடிக்கு எத்தனை மாதிரி" என்று எங்காவது போட்டிருக்கும், பாருங்கள்.

காய்கறி_லோடு:
100.

லேத்_பட்டறை:
அதுதான். நொடிக்கு நூறு தடவை மட்டும் பார்க்கிற போனுக்கு ஐம்பதுக்கு மேல் கண் தெரியாது, அதற்கு மேல் வருவதை மடித்துக் கீழே காட்டும். நூறில் 86 போனால் 14. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுகிற மாதிரி தெரியுமே, அதே கண்கட்டு. வேறு நல்ல போன் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், 86 வரும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஆனால் 86 வந்தால் அது வேறு கதை. அது கோணம். புது வண்டியில் கோணம் தப்புவதற்குக் காரணம் குறைவு. ஷாஃப்டைக் கழற்றி ஸ்ப்லைனில் (பல் வெட்டிய இணைப்பு) ஒரு பல் தள்ளி மாட்டியிருக்க வேண்டும், இல்லை சென்டர் பேரிங் பிராக்கெட் இறங்கியிருக்க வேண்டும், அதுவும் இல்லை என்றால் யாராவது பின் ஸ்பிரிங்கில் கை வைத்திருக்க வேண்டும். தம்பி, பின்னால் ஸ்பிரிங் பட்டை ஏதும் கூடுதலாகப் போட்டீர்களா?

(ஒரு நாள் கழித்து)

சங்ககிரி_டிரைவர்:
ஆளையே காணோம். போட்டிருக்கிறார் போல.

காய்கறி_லோடு:
போட்டேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு பட்டை. வாங்கிய இரண்டாவது மாதம். தக்காளி சீசனில் கிரேட் கூடுதலாக ஏறும், வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது, மார்க்கெட்டில் எல்லோரும் போடுகிறார்கள், நானும் போட்டேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு "உன் தப்புதான்" என்பீர்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் சத்தியமாக, நடுக்கம் பட்டை போடுவதற்கு முன்பே இருந்தது. முதல் ஜாப் கார்டின் தேதியைப் பாருங்கள், வாங்கிப் பன்னிரண்டாவது நாள்.

சங்ககிரி_டிரைவர்:
பார்த்தீர்களா. இரண்டு பட்டை சொருகிவிட்டு கம்பெனியைத் திட்டினால் எப்படி? காலி வண்டி வால் தூக்கிக்கொண்டுதான் நிற்கும், ஹவுசிங் மூக்கு திரும்பிவிடும், கிராஸ் உதைக்காமல் என்ன செய்யும்? பெர்மிட் எடைக்கு மேல் ஏற்றுவது வேறு.

வாதி_பிரதிவாதி:
சட்டப்படியும் இது சிக்கல். பட்டை போட்ட வண்டி என்றதும் வாரண்டியைக் கைகழுவப் பார்ப்பார்கள். ஆனால் முதல் கார்டு பட்டைக்கு முன் தேதியிட்டது என்பது உங்கள் கையில் இருக்கிற ஒரே நல்ல சீட்டு. ஆணையத்தில் எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது தெரிந்தால் ஐந்து கார்டும் செல்லாக்காசு.

லேத்_பட்டறை:
திட்டுவதை நிறுத்துவோம். இவர் வண்டியில் இரண்டு நோய் இருக்கிறது, இரண்டையும் ஒரே நோய் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 86 இவர் போட்ட பட்டை. 43 அதற்கு முன்பே வந்தது, பட்டை போட்டதால் எடைக் கோளாறு வராது. முதல் இரண்டு நாள் நன்றாக ஓடியது என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். தொழிற்சாலையிலேயே ஷாஃப்ட் பேலன்ஸ் தப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் வண்டிக்கு என்ன செய்தீர்கள்?

காய்கறி_லோடு:
ஒன்றும் செய்யவில்லையே. நம்பர் பிளேட் மாட்ட ஷோரூமுக்குப் போனேன். அன்றைக்குத்தான் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் தார் கோட்டிங் அடித்துக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன், பேக்கேஜில் சேர்ந்துவிட்டது என்று 4,500 வாங்கினார்கள்.

லேத்_பட்டறை:
வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்டைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். இப்போதே.

காய்கறி_லோடு:
போட்டிருக்கிறேன். இருட்டு, டார்ச் பிடித்து எடுத்தேன். ஷாஃப்ட் கறுப்பாகத்தானே இருக்கும்?

லேத்_பட்டறை:
கறுப்பு பெயின்ட் வேறு, அந்தக் கறுப்பு வேறு. நடுவில், சென்டர் பேரிங்குக்குப் பின்னால், ஒரு பக்கம் தார் சொட்டி இறுகி மெழுகுவர்த்தி மாதிரி தொங்குகிறது பாருங்கள். ஷாஃப்டை மூடாமல் அப்படியே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள், வண்டி நின்ற நிலையில் அடித்ததால் கீழ்ப்பக்கம் வழிந்து தடித்திருக்கிறது. இது நொடிக்கு 43 தடவை சுற்றுகிற சாமான், ஐயா. தொழிற்சாலையில் சின்னத் தகடு வெல்டு வைத்து கிராம் கணக்கில் பேலன்ஸ் பார்த்து அனுப்புகிறார்கள், இவர்கள் அதன் மேல் தார் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு வண்டியாவது இப்படி எங்கள் பட்டறைக்கு வரும்.

கழற்ற வேண்டாம். மர ஸ்கிரேப்பரால் சுரண்டி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். சென்டர் பேரிங் ரப்பரிலும் கிராஸின் சீலிலும் மண்ணெண்ணெய் படக்கூடாது. வெல்டு வைத்த தகட்டைத் தார் என்று நினைத்துப் பெயர்த்துவிடாதீர்கள், கெட்டது குடி.

வாதி_பிரதிவாதி:
நில்லுங்கள்! நீங்களே துடைத்தால் சாட்சி போய்விடும். முதலில் பகலில் நன்றாகப் படம் எடுங்கள், வண்டி நம்பர் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ, கோட்டிங் பில்லையும் தேடி எடுங்கள். அப்புறம் ஷோரூமிலேயே, அவர்கள் கையாலேயே துடைக்க வையுங்கள்.

காய்கறி_லோடு:
நாளைக்குப் போகிறேன்.

(ஐந்து நாள் கழித்து)

காய்கறி_லோடு:
அட்வைசரிடம் போகவே இல்லை, நேராக ஒர்க்ஸ் மேனேஜர். முதலில் "பட்டை போட்டிருக்கீங்களே" என்றுதான் ஆரம்பித்தார். ஆமாம் சார், அது என் தப்பு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், இது என்ன என்று படத்தைக் காட்டினேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி அவரே அடியில் போய்ப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. கோட்டிங் அடித்த பையனைக் கூப்பிட்டு என் முன்னால் திட்டினார், எனக்கே பாவமாகிவிட்டது, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் சுரண்டினார்கள். கீழே விழுந்ததை நான் கவரில் அள்ளிக்கொண்டேன், மார்க்கெட் தராசில் போட்டால் 130 கிராம்.

வெளியே வந்ததும் உடுமலை ரோட்டில் 80. 43-ல் இருந்த முள் படுத்துவிட்டது. தம்பியின் போனில் எடுத்தேன், அது நொடிக்கு 400 எடுக்கிறது, 86-ல் சின்ன முள் இருக்கிறது, லேத் அண்ணா பந்தயத்தில் ஜெயித்தார். காலில் மெல்லிய ரீங்காரம் மட்டும் மிச்சம். முன்னால் இருந்ததில் கால்வாசி கூட இல்லை.

சங்ககிரி_டிரைவர்:
சரி, ஆப் வேலை செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு பட்டையைக் கழற்றுங்கள்.

காய்கறி_லோடு:
தக்காளி வரத்து முடியட்டும் அண்ணா, ஒன்றையாவது கழற்றிவிடுகிறேன்.

லேத்_பட்டறை:
கழற்ற மனம் வராவிட்டால் ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருப்பலாம், செய்துதர ஆள் இருக்கிறது. ஆனால் காலிக்குச் சரி செய்தால் லோடில் தப்பும். ஒன்றைக் கழற்றுவதுதான் என் யோசனையும். கிராஸைப் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள், ஐந்து மாதம் அடி வாங்கியிருக்கிறது.

ஸ்கார்பரோ_பொடியன்:
130 கிராம் தாருக்கு ஐந்து மாதமா! அந்தக் கவரை எறிந்துவிடாதேங்கோ.

காய்கறி_லோடு:
டேஷ்போர்டில்தான் இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வண்டியை எடுக்கும்போது கேஷியர் பில் நீட்டினார். "ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் க்ளீனிங், லேபர், 650 ரூபாய்."

வாதி_பிரதிவாதி:
கட்டினீர்களா?

காய்கறி_லோடு:
கவரை எடுத்து கவுண்டர் மேல் வைத்தேன் சார். மேனேஜர் வந்து பில்லைக் கிழித்துப்போட்டார். கோட்டிங் காசு 4,500 திரும்பத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதற்கு மட்டும் "ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்றோம்" என்கிறார்கள். 1915-ல் போட்ட புகாரை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.